வாசகர் கேள்வி: பைக் விளக்கும் எதிரே வருபவரின் கண்ணும்

கேள்வி: இரவில் லோ பீமில்தான் ஓட்டுகிறேன். ஆயினும், மனைவியைப் பின்னால் அமர்த்திச் செல்லும்போது, எதிரே வருபவர்கள் டிம் செய்யச் சொல்லி விளக்கைச் சிமிட்டுகிறார்கள். அண்மையில் ஹாலஜன் பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. பல்பு பொருத்தினேன். அதுதான் காரணமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: அதுவும் ஒரு காரணம். ஹாலஜன் பல்பில் லோ பீம் இழைக்கு அடியில் ஒரு சிறிய உலோகக் கிண்ணம் உண்டு. வெளிச்சம் மேலெழுந்து எதிரே வருபவரின் கண்ணில் படாமல் தடுப்பது அதுவே. அந்த இழையைக் கணக்கிட்டு வடிவமைத்த ரிஃப்ளெக்டரில் வேறு வகை பல்பைச் செருகினால், ஒளி உருவாகும் இடம் சற்றே மாறினாலும் வெளிச்சம் சிதறிவிடும். ஓட்டுபவருக்குப் பளிச்சென்று தெரிவதால், குறை அவர் கண்ணுக்குப் படுவதில்லை. பழைய பல்புக்கே திரும்புங்கள்.

மற்றொரு காரணம் பாரம். பின்னிருக்கையில் ஒருவர் அமர்ந்ததும் பின்பக்க ஷாக் அப்சார்பர் அமுங்குகிறது; வண்டியின் முகம் நிமிர்கிறது. சமதரையில், சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, இருவரும் அமர்ந்த நிலையில், விளக்கின் நடுமட்ட உயரத்தைச் சுவரில் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். லோ பீம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அக்குறிக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் கீழே நிற்க வேண்டும். நிற்காவிட்டால், மெக்கானிக்கிடம் சொல்லி விளக்கின் திருகைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

2017 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த இருசக்கர வாகனங்களில் முகப்பு விளக்கு பகலிலும் தானாக எரிவதால், பகலில் ஹை பீமில் இருப்பதே தெரியாமல் ஓட்டி, இருட்டிய பிறகும் அப்படியே தொடர்பவர்கள் பலர். மீட்டரில் நீல விளக்கு எரிந்தால் அது ஹை பீம். தெருவிளக்கில்லாத வெற்றுச் சாலைக்கு அது தேவைதான்; எதிரே வண்டி தென்பட்டாலும், முன்னால் செல்லும் வண்டியை நெருங்கினாலும் தாழ்த்திவிட வேண்டும். எதிரே வருபவர் தாழ்த்தாவிட்டால், பதிலுக்கு நாமும் ஏற்றுவது வீம்பு மட்டுமே: மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி கண் கூசினால், ஏறத்தாழ 33 மீட்டரைப் பார்வையின்றிக் கடக்கிறோம். அப்போது வேகத்தைக் குறைத்து, சாலையின் இடது ஓர வெள்ளைக்கோட்டைப் பார்த்துச் செல்லுங்கள்.

கேள்வி: மழையில் நான்கு இண்டிகேட்டர்களையும் சிமிட்டவிட்டு ஓட்டலாமா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: வேண்டாம். நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது. வண்டி பழுதாகி ஓரமாக நிற்கும்போது அதைப் பயன்படுத்துங்கள். மழையில் புறப்படுமுன் பின்விளக்கின் மேல் படிந்த சேற்றைத் துடைத்து, பிரேக் விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.