கேள்வி-பதில்: ரெஜிஸ்ட்ரியும் எச்டிஎம்எல் எடிட்டரும்

கேள்வி: இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-இல் வியூ சோர்ஸ் (பக்கத்தின் எச்டிஎம்எல் மூலத்தைக் காட்டும் கட்டளை) கொடுத்தால் நோட்பேட்தான் திறக்கிறது. வேறு எடிட்டரைத் திறக்க வைக்கலாமா?

பதில்: வைக்கலாம். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில், லோக்கல் மெஷின் கிளையில் சாஃப்ட்வேர்\மைக்ரோசாஃப்ட்\இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்பதன் கீழ் ‘வியூ சோர்ஸ் எடிட்டர்’ என்ற கீயையும் (கீ என்பது ஃபோல்டர் போன்ற பிரிவு), அதற்குள் ‘எடிட்டர் நேம்’ என்ற கீயையும் நீங்களே உருவாக்கி, டீஃபால்ட் மதிப்பில் உங்கள் எடிட்டரின் முழுப் பாதையை எழுதுங்கள். இவை முன்கூட்டியே அங்கு இருப்பதில்லை. தேடிப் பார்த்தவர்கள் ஏமாந்து திரும்புவது அதனால்தான். கிளையை முதலில் எக்ஸ்போர்ட் செய்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வியூ சோர்ஸ் கொடுத்தால் எதுவுமே திறப்பதில்லை.

பதில்: பிரவுசர் தற்காலிகமாகச் சேமித்து வைக்கும் டெம்ப்ரரி இன்டர்நெட் ஃபைல்ஸைக் காலி செய்யுங்கள். அது நிரம்பினால் ஆறாம் பதிப்பு இப்படித்தான் வாயடைத்துப் போகும். ரெஜிஸ்ட்ரிக்கு இதில் வேலையில்லை.

கேள்வி: ரெஜிஸ்ட்ரியை மாற்றினேன், பலனில்லை. ஏன்?

பதில்: எந்தக் கீ, எந்தப் பதிப்பு, என்ன மதிப்பு என்று எழுதாதவருக்கு நான் ஜோசியம்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் எடிட் பட்டனைச் சரிசெய்ய ஒருவர் அனுப்பிய ரெக் ஃபைலை (ரெஜிஸ்ட்ரி மாற்றங்கள் எழுதப்பட்ட ஃபைல்) இயக்கினேன். இப்போது பட்டனே மங்கிக் கிடக்கிறது.

பதில்: எத்தனை முறைதான் எழுதுவது? ரெக் ஃபைலை டபுள் கிளிக் செய்தால் அது ரெஜிஸ்ட்ரியில் கலந்துவிடும். ‘யெஸ்’ என்று ஒருமுறை சொன்ன பிறகு ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் ரெஜெடிட்டில் அன்டூ கிடையாது. சதுர அடைப்புக்குறி திறந்ததும் ஒரு கழித்தல் குறி இருந்தால், அந்தக் கீ துணைக் கீகளோடு அழியும் என்பதை எழுதியவர் அறிந்திருக்கலாம், நீங்கள் அறியவில்லை. மதிப்பாகத் தரும் பாதையில் ஒவ்வொரு பின்சாய்வுக் கோட்டையும் இருமுறை எழுதாததும், எழுதியவருடைய கணினியின் பாதையே அதில் இருப்பதும் நான் அன்றாடம் காணும் பிழைகள். முதலில் அந்த ஃபைலை நோட்பேடில் திறந்து, அது எதை அழித்தது என்று பாருங்கள். எடிட் பட்டனுக்குரிய இடம் கரண்ட் யூசர் கிளையிலுள்ள ‘டீஃபால்ட் எச்டிஎம்எல் எடிட்டர்’. அதன் ஷெல்\எடிட்\கமாண்ட் கீயில் எடிட்டரின் பாதையையும், இடைவெளி விட்டு, இரட்டை மேற்கோளுக்குள், திறக்க வேண்டிய ஃபைலைக் குறிக்கும் %1 என்பதையும் கையால் எழுதுங்கள். மேற்கோள் விடுபட்டால், பெயரில் இடைவெளியுள்ள ஃபைல்களைச் சில எடிட்டர்கள் துண்டு துண்டாகத் திறக்கப் பார்க்கும். அதற்கும் முன்னால், எக்ஸ்போர்ட்.

கேள்வி: எங்கள் மென்பொருளுக்குள் இருக்கும் எச்டிஎம்எல் எடிட்டர் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் ஏழாம் பதிப்பு போலவே நடந்துகொள்கிறது. கணினியில் இருப்பதோ 11.

பதில்: மென்பொருளுக்குள் இணையப் பக்கத்தைக் காட்டும் வெப்பிரவுசர் கன்ட்ரோலின் இயல்பே அதுதான். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்\மெயின்\ஃபீச்சர்கன்ட்ரோல் என்பதன் கீழுள்ள ‘ஃபீச்சர்_பிரவுசர்_எமுலேஷன்’ கீயில் உங்கள் எக்ஸி ஃபைலின் பெயரில் ஒரு டிவேர்ட் (எண் மதிப்பு) உருவாக்கி 11000 கொடுங்கள். டெசிமலை (பத்தடிமானம்) தேர்ந்தெடுத்த பிறகு எண்ணைத் தட்டுங்கள்; ஹெக்ஸில் (பதினாறடிமானம்) தட்டிவிட்டு எனக்குக் கடிதம் எழுதுபவர்களே அதிகம்.

கேள்வி: இவையெல்லாம் குரோமுக்குப் பொருந்துமா?

பதில்: பொருந்தாது.