பெரிய அடுப்பில் சூடு இல்லையா? சிலிண்டரைக் குறை சொல்லுமுன் தீயைப் பாருங்கள்

வெள்ளவத்தையில், கடல் பக்கத்து மாடிவீட்டில் இருக்கும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "எங்களுடையது இரண்டு அடுப்புக் காஸ் குக்கர். வாங்கி மூன்று வருடம். சின்ன அடுப்பு நன்றாக எரிகிறது. பெரிய அடுப்பில் மட்டும் சூடே இல்லை. சோறு வேக முக்கால் மணி நேரம் ஆகிறது, சட்டியின் அடியெல்லாம் கரி. புதுச் சிலிண்டர் பூட்டியும் அப்படித்தான். ஜெட்டை ஊசியால் குத்தச் சொல்கிறார்கள். குத்தலாமா?"

குத்த வேண்டாம். முதலில் அந்த ஊசியைத் தையல் பெட்டியில் வைத்துவிடுங்கள். ஜெட் என்பது பித்தளையில் செய்த சின்னத் திருகாணி. அதன் நடுவில் உள்ள ஓட்டை 1 மில்லிமீற்றரை விடச் சிறியது. பித்தளை மென்மையான உலோகம், ஊசி பட்டால் ஓட்டை விரியும். 0.8 மில்லிமீற்றர் 0.9 ஆனால் பரப்பு கால்வாசிக்கு மேல் கூடிவிடும். காஸ் கூடுதலாக வரும், அதற்கு ஏற்ற காற்று வராது. தீ இன்னும் மஞ்சளாகும், கரி இன்னும் படியும், நச்சுத்தன்மையுள்ள கார்பன் மொனொக்சைட்டும் உண்டாகும். சின்னக் குசினிக்குள் அது விளையாட்டில்லை.

அடுத்து ஒரு சோதனை. சின்ன அடுப்பை முழுதாகத் திறந்து பற்றவையுங்கள். அப்புறம் பெரியதையும் முழுதாகத் திறந்து பற்றவைத்துவிட்டு சின்னதையே பாருங்கள். பெரியதைத் திறந்ததும் சின்ன அடுப்பின் தீ பாதியாய்ச் சுருங்கினால், குக்கருக்குள் வரும் காஸே போதவில்லை: கோளாறு சிலிண்டர், ரெகியுலேட்டர், ஹோஸ் பக்கம். அசையாமல் எரிந்தால் கோளாறு பெரிய அடுப்புக்குள்ளேயே. சின்ன அடுப்பு மட்டும் நன்றாக எரிவதை வைத்து முடிவெடுக்க முடியாது. அதற்குத் தேவையான காஸ் குறைவு, அரைவாசி அடைத்த குழாயே அதற்குப் போதும்.

சட்டியில் கரி படிவதைப் பார்த்தால் உங்கள் வீட்டில் இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். காஸ் ஜெட்டிலிருந்து பாயும்போது பக்கத்திலுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு பேர்னருக்குப் போகும் குழலுக்குள் போகிறது. அந்தக் காற்று குறைந்தால் காஸ் முழுதாக எரியாது. எரியாத மிச்சம்தான் சட்டியின் அடியில் இருக்கும் கரி. 2022 இல் ஒரு சிலிண்டருக்காக நாள்கணக்காக வரிசையில் நின்றோமே, அந்தக் காஸ்தான் அப்படிக் கரியாய்ப் போகிறது.

கடலோர வீடுகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீலத் தீக்குள் செம்மஞ்சள் பொறி பளிச்பளிச்சென்று தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது காற்றிலுள்ள உப்பு தீயில் பட்டுத் தரும் நிறம். தீயின் நுனி மெத்தென்று மஞ்சளாக ஆடி, சட்டியில் கரியும் படிந்தால்தான் கோளாறு. ஆனால் அதே உப்புக்காற்று இரும்பைத் தின்னும். குழலுக்குள் துரு செதில் செதிலாகக் கழன்று ஜெட்டின் மேல் விழும்.

சரி, துப்புரவு. ரெகியுலேட்டரை மூடுங்கள், அடுப்பு நன்றாக ஆறட்டும். பேர்னர் மூடியைக் கழற்றி, சவர்க்காரம் கலந்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். பொங்கி வழிந்த பாலும் கஞ்சியும் காய்ந்து ஓட்டைகளில் சீமெந்து போல் இறுகியிருக்கும். ஈர்க்கால் ஒவ்வொன்றாகக் குத்துங்கள், இங்கே குத்தலாம். பிறகு கீழே உள்ள குழலுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். ஒரு வீட்டில் அதற்குள்ளிருந்து கரப்பான் முட்டைக்கூடு ஒன்றை எடுத்தேன், அவரைவிதை அளவு இருக்கும். அது போதும், காற்று வரும் வழி அடைபட. பால்போத்தல் கழுவும் பிரஷ் இந்த வேலைக்கு நல்லது. ஜெட் சுலபமாகக் கழன்றால் சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்து, பின்பக்கத்திலிருந்து ஊதி, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஓட்டை வட்டமாகத் தெரிய வேண்டும். நெளிந்திருந்தால் யாரோ உங்களுக்கு முன்பே குத்திவிட்டார்கள், புது ஜெட்தான் போட வேண்டும். எல்லாம் காய்ந்த பிறகு மூடியை அதன் பள்ளத்தில் சரியாக உட்காரவையுங்கள். குழலின் வாயில் காற்றுக்கான வளையம் இருந்தால், தீ நீலமாகும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திறவுங்கள். தீ இரைந்துகொண்டு பேர்னரை விட்டு எழும்பினால் அளவு மீறிவிட்டது.

சூடு குறையக் காற்றும் காரணமாகலாம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று ஜன்னலால் நேரே அடுப்பில் அடித்தால், தீ ஒரு பக்கம் சாய்ந்து சூடு சட்டிக்கு வெளியே போய்விடும். ஜன்னலை முழுதாக அடைக்காதீர்கள், குக்கரை இடம் மாற்றுங்கள்.

சோதனையில் சின்ன அடுப்பும் சுருங்கினால் ஹோஸில் மடிப்பு, நசிவு, வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பழசானால் மாற்றுங்கள். சில ரெகியுலேட்டர்கள், அடுப்பு திறந்திருக்கும்போது சடாரென்று திருப்பினால் கசிவென்று எண்ணித் தாமாகவே மறித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் மூடி, ஒரு நிமிடம் பொறுத்து, மெதுவாகத் திறந்து பாருங்கள். சிலிண்டரில் காஸ் குறைவதால் தீ படிப்படியாக இறங்குவதில்லை. உள்ளே இருப்பது திரவம். அது தீரும் தறுவாய்வரை அழுத்தம் பெரிதாக மாறாது. எவ்வளவு மிச்சம் என்று அறிய நிறுத்துப் பார்த்து, சிலிண்டரில் பொறித்துள்ள வெற்று எடையைக் கழியுங்கள். வீட்டுக்கு வாங்கும் பெரிய சிலிண்டர் புதிதென்றால் 12.5 கிலோ காஸ் இருக்க வேண்டும்.

எதைக் கழற்றிப் பூட்டினாலும் மூட்டுகளில் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள், நெருப்புக்குச்சியால் வேண்டாம். குமிழி வந்தால் கசிகிறது. வாடை அடித்தால் ரெகியுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து தீயணைப்புப் படைக்கு, 110க்கு, அழையுங்கள். இந்தக் காஸ் காற்றை விடக் கனமானது, தரையோடு தங்கும். அதனால் பல்கனிக் கதவைத் திறப்பது மேல் ஜன்னலைத் திறப்பதைவிடப் பலன் தரும்.

துப்புரவுக்கு முன்னும் பின்னும் ஒரே கேத்தலில் ஒரு லீற்றர் தண்ணீர் கொதிக்க எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று குறித்துவையுங்கள். நேரம் குறையாமல், மஞ்சளும் போகாவிட்டால் பேர்னரே அரித்துவிட்டது. புதியது வாங்கப் போகும்போது பழையதையும் ஜெட்டையும் கையோடு கொண்டு போங்கள், மொடலுக்கு மொடல் அளவு மாறும்.