தூரிகைப் பக்கம்: கேள்வி – பதில்

கேள்வி: பைக்காரா ஆற்றை எண்ணெய் வண்ணத்தில் வரைகிறேன். தண்ணீர் படுத்துக் கிடக்காமல், நிமிர்த்தி வைத்த நீலச் சுவராகத் தெரிகிறது. ஏன்?
– வாசகி, கூடலூர்

பதில்: முதல் காரணம், ஒரே நீலம். தூரத்துத் தண்ணீரைச் சாய்வாகப் பார்ப்பதால் அதில் வானம் தெரியும். காலடித் தண்ணீரில் வானம் மங்கி, அடியில் கிடக்கும் பாறையும் பழுப்பு மண்ணும் தெரியும். முன்பகுதிக்கு பர்ன்ட் அம்பரும் (கரும்பழுப்பு) சிறிது அல்ட்ராமரீனும் (அடர்நீலம்) கலந்து மெல்லியதாகப் பூசுங்கள். மேலே போகப் போக, வானத்துக்குக் கலந்த அதே வண்ணத்தைக் கூட்டுங்கள்.

இரண்டாவது, கரையின் வளைவு. பலரும் வரைபடத்தில் பார்த்த ஆற்றைத்தான் வரைகிறார்கள்! தூரம் கூடக் கூட வளைவுகள் நசுங்கி, கடைசியில் வெறும் கோடாக வேண்டும். தேங்கிய நீரில் சிற்றலைகள் கிடைமட்டமாகவே கிடக்கும். ஸ்கேலை வைத்துப் பாருங்கள். பாறை இடுக்கில் பாயும் இடத்துக்கு மட்டும் இந்த விதி கிடையாது.

தண்ணீரில் விழும் பிம்பத்தில் கருஞ்சோலை ஒரு படி வெளிறும், வெளிச்சமான பாறை ஒரு படி மங்கும். வண்ணம் ஈரமாக இருக்கும்போதே தட்டைத் தூரிகையால் நேர் கீழே இழுத்துவிட்டு, உலர்ந்த மென்தூரிகையைக் குறுக்காக ஒரே முறை, அழுத்தாமல் ஓட்டுங்கள். திரும்பத் திரும்ப ஓட்டினால் சேறுதான். நுரையின் வெள்ளை கடைசியில், தடிமனாக.

கேள்வி: ஊட்டி மழையில் ஒரு வாரமாகியும் படம் காயவில்லை. வண்ணத்தை இளக்கும் டர்பன்டைனைக் கூட்டலாமா?
– வாசகர், லவ்டேல்

பதில்: கூடாது. வண்ணத்தில் உள்ள ஆளிவிதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. குளிரில் அது மந்தமாகும். டர்பன்டைன் மிகுந்தால் வண்ணத்தைப் பிடித்து வைக்க எண்ணெய் போதாமல், பொடியாக உதிரும். அடிப்பூச்சுக்குச் சீக்கிரம் காயும் அம்பரை எடுங்கள். டைட்டானியம் வெள்ளை, ஐவரி பிளாக் இரண்டும் தாமதிக்கும். அவசரமென்றால், காய்வதை வேகப்படுத்தும் அல்கைட் மீடியம் என்ற கலவையைச் சேர்க்கலாம். கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேல்பூச்சில் கூடுதலாகவும் இருக்கட்டும். மாறினால் மேலடுக்கு முந்தி இறுகி வெடிக்கும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். மூடியுள்ள டப்பாவில் தண்ணீர் விட்டு அதில் போடுங்கள்.

கேள்வி: சோலைக்கு எந்தப் பச்சை ட்யூப் வாங்கலாம்?
– வாசகர், குன்னூர்

பதில்: எதுவும் வேண்டாம். அல்ட்ராமரீன், காட்மியம் மஞ்சள், துளி பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) போதும். சோலை மரங்கள் பல செம்பு நிறத்தில் தளிர்விடும். அங்கே சியன்னாவைக் கூட்டுங்கள். தூர மலைக்கு மஞ்சளைத் தொடவே வேண்டாம்.