அப்பப்பாவின் 'கஜபாகு' எது?

அப்பப்பாவின் பழைய படத்திலுள்ள இலங்கைக் கடற்படைக் கப்பல் இன்றைய 'கஜபாகு'தானா என்று கேட்டீர்கள். இல்லை, இரண்டும் வேறு வேறு கப்பல். 1968இல் உங்கள் அப்பப்பா கொழும்புத் துறைமுகத்தில் முன்னால் நின்று படமெடுத்த கஜபாகுவும், இப்போது தேடினால் வரும் கஜபாகுவும் பெயரில் மட்டும்தான் ஒன்று.

அவருடையது 1944இல் கட்டிய பிரிகேட் (frigate) வகைப் போர்க்கப்பல். கனடாவின் 'ஹாலோவெல்' ஆக இருந்து, இஸ்ரேலிடம் போய், 1959இல் நம்மிடம் வந்தது. இப்போதுள்ளது அமெரிக்கக் கரையோரக் காவல் படையின் 'ஷெர்மன்'. 2018இல் கைமாறி, 2019இல்தான் இலங்கைக் கடற்படையில் சேர்ந்தது.

நீங்கள் குழம்பியது அனேகமாக ஆண்டைப் பார்த்துத்தான். ஷெர்மன் அமெரிக்காவில் பணியில் சேர்ந்ததும் அதே 1968! யாராக இருந்தாலும் ஏமாந்துதான் போவார்கள்.

படத்தில் புகைபோக்கியைப் பாருங்கள். நடுவில் ஒன்றே ஒன்று என்றால் பழையது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு, பின்னால் ஹெலிகொப்டர் தளம் என்றால் புதியது. முன்பக்கத்தில் 626 என்று எழுதியிருந்தால் பிறகு பேச்சே இல்லை, புதியதேதான்.

அப்புறம், அவருடைய கடற்படைச் சேவைக் கடதாசிகளில் கப்பலின் பெயருக்கு முன்னால் வரும் எழுத்துகளை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். 1972இல் நாடு குடியரசானதும் 'எச்.எம்.சி.வை.எஸ்.' (மகாராணியின் இலங்கைக் கப்பல்) போய் 'எஸ்.எல்.என்.எஸ்.' (இலங்கைக் கடற்படைக் கப்பல்) வந்தது; கப்பல் மாறவில்லை. கரையிலுள்ள கடற்படை முகாம்களுக்கும் அதே எழுத்துகள்தான். வெலிசறையில் இருக்கும் 'கெமுனு' அப்படித்தான். அதனால் கடதாசியில் கெமுனு என்று கண்டால் கப்பலைத் தேடி அலையாதீர்கள்.