எதுக்கு மேல எதை அடிக்கலாம்? மாடல், ப்ராப் பெயிண்ட் கேள்வி பதில்

ப்ளாஸ்டிக் மாடல்களிலும், வேடத்துக்கும் மேடைக்கும் செய்யும் ப்ராப்களிலும் எந்தப் பெயிண்ட் மேல் எதை அடிக்கலாம் என்ற கேள்விகள் இவை. முதலில் பெயர்களைத் தெளிவாக்கிவிடுகிறேன். தின்னர் என்றால் பெயிண்ட்டை நீர்க்க வைக்கும் திரவம், கோட் என்றால் ஒரு முறை அடிக்கும் பூச்சு, க்ளியர் என்றால் நிறமில்லாத மேல்பூச்சு. மிஸ்டர் கலர், டாமியா, ஹம்ப்ரால், வலேஜோ எல்லாம் பிராண்டுகள். இங்கே லாக்கர் என்றால் மிஸ்டர் கலர், டாமியா எல்பி வகை. எனாமல் என்றால் ஹம்ப்ரால், டாமியா எனாமல் வகை. அக்ரிலிக்கில் இரண்டு ரகம் உண்டு: வலேஜோ மாதிரி தண்ணீரில் கரைவது ஒன்று, டாமியா எக்ஸ், எக்ஸ்எஃப் மாதிரி ஆல்கஹால் கலந்த தின்னரில் கரைவது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வரும் கோளாறுகள்தான் பாதி.

அக்கா, லாக்கர் முதல்ல, அக்ரிலிக் கடைசின்னு ஒருத்தர் சொல்றார். எனாமல்தான் கடைசின்னு இன்னொருத்தர். எது சரி?

இரண்டும் சரி. வரிசையை மனப்பாடம் செய்யாதீர்கள். மேலே அடிக்கப்போகும் பெயிண்ட்டின் தின்னர், கீழே காய்ந்திருக்கும் படலத்தைக் கரைக்குமா என்று மட்டும் பாருங்கள். லாக்கர் தின்னர் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் கடிக்கும். எனாமல் தின்னர் காய்ந்த லாக்கரைத் தொடாது, நன்றாக இறுகிய அக்ரிலிக்கையும் பெரும்பாலும் விட்டுவிடும். தண்ணீரைப் பற்றிக் கவலையே இல்லை. அதனால் அடியில் லாக்கர், அதற்கு மேல் அக்ரிலிக்கோ எனாமலோ உங்கள் வசதி. எனாமலுக்கு மேல் லாக்கர் மட்டும் வேண்டவே வேண்டாம்.

எனாமல் ஸ்ப்ரே கேன்ல முதல் கோட் அடிச்சு 12 மணி நேரம் விட்டேன். தொட்டா ஒட்டல. அதே கேன்ல ரெண்டாவது கோட் அடிச்சதும் முதலைத் தோல் மாதிரி சுருங்கிடுச்சு. ஒரே பெயிண்ட்தானே, அது எப்படி?

ஒரே பெயிண்ட் என்பதால் தப்பிக்க முடியாது. லாக்கரில் தின்னர் ஆவியாகிப் போனால் வேலை முடிந்தது. எனாமல் அப்படியில்லை. தின்னர் போன பிறகும் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்து மெல்ல மெல்ல இறுகும், அதுவும் மேலிருந்து கீழாக. 12 மணி நேரத்தில் உங்கள் விரல் தொட்டது வெறும் ஆடை. பால் ஆறும்போது படியுமே, அது மாதிரி. அடியில் இன்னும் கொழகொழ. இரண்டாவது கோட்டின் தின்னர் அந்த ஆடைக்குள் இறங்கியதும் அது ஊதிப் பெருக்கிறது. பக்கவாட்டில் விரிய இடம் இல்லாததால் மடிந்து எழும்புகிறது. சில கேன்களில் "1 மணி நேரத்துக்குள் அல்லது 48 மணி நேரத்துக்குப் பிறகு" என்று போட்டிருப்பது இதற்காகத்தான். ஒரு மணி நேரத்துக்குள் என்றால் ஆடையே கட்டியிருக்காது, இரண்டு கோட்டும் ஒன்றாகிவிடும். 48 மணி நேரம் தாண்டினால் அடிவரை இறுகியிருக்கும். நீங்கள் நடுவில் மாட்டிக்கொண்டீர்கள். முதல் கோட் தடிமனாக இருந்தால் 48 மணி நேரமும் போதாது.

இப்போது சுரண்டாதீர்கள், பிசினாக உருண்டு வரும். ஒரு வாரம் விட்டு, மூக்கருகே வைத்து முகர்ந்து பாருங்கள். வாசனை இருந்தால் தின்னர் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. வாசனை போனதும் 400 நம்பர் உப்புத்தாளை நீரில் நனைத்து மடிப்புகளைச் சமமாக்கி, 600 போட்டு, மெல்லிய கோட்டாக அடியுங்கள்.

மேடம், முழு மாடலும் வலேஜோவில் முடித்துவிட்டேன். கைவசம் இருப்பது லாக்கர் மேட் (பளபளப்பில்லாத) க்ளியர் கேன். அடிக்கலாமா?

அடிக்கலாம், பொறுமை இருந்தால். குறைந்தது 24 மணி நேரம் காயவிடுங்கள். 25 முதல் 30 செ.மீ. தள்ளி நின்று, பரப்பு ஈரமாகத் தெரியாத அளவுக்குத் தூசி மாதிரி ஒரு கோட். 10, 15 நிமிடம் விட்டு இன்னொன்று. இப்படி மூன்று. சேதம் எப்போதும் பள்ளங்களில்தான் தொடங்கும்: கழுத்து, கை இடுக்கு, கவசத்தின் உள்மூலை. அங்கே க்ளியர் தேங்கி, காய நேரமாகி, அடியில் இருப்பதைக் கரைக்கும். டெக்காலுக்கும் (மாடலில் ஒட்டும் சின்னப் படம்) இதேதான். இன்னும் கேன் வாங்கவில்லை என்றால் லேபிளைப் படித்து வாங்குங்கள்: மிஸ்டர் சூப்பர் க்ளியர் லாக்கர், மிஸ்டர் டாப்கோட் தண்ணீர் வகை. இரண்டும் ஒரே நிறுவனத்துடையது.

தண்ணியில கலக்க சோம்பலா இருந்துச்சு, வலேஜோவில் லாக்கர் தின்னர் ஊத்தினேன். ஏர்பிரஷ்ல ரப்பர் மாதிரி அடைச்சுக்கிச்சு.

ரப்பர் மாதிரி இல்லை, கிட்டத்தட்ட ரப்பரேதான். தண்ணீரில் மிதக்கும் பாலிமர் துகள்கள் அந்தத் தின்னர் பட்டதும் திரிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வலேஜோவுக்கு அதன் சொந்தத் தின்னர், இல்லையென்றால் தண்ணீரோடு ஒரு சொட்டு ஃப்ளோ இம்ப்ரூவர் (பெயிண்ட் சீராக ஓட உதவும் திரவம்).

டாமியா அக்ரிலிக் இதற்கு நேர்மாறு. மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரில் 1:1 முதல் 1:1.5 வரை கலந்து ஏர்பிரஷ்ஷில் 15 முதல் 20 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் அடித்தால் கண்ணாடி மாதிரி படியும். ஆனால் ஒன்று: குப்பியில் அக்ரிலிக் என்று எழுதியிருந்தாலும், அந்த நிமிடம் முதல் கீழே இருக்கும் பூச்சுக்கு அது லாக்கர்தான். பழைய எனாமல் மேல் அடித்துவிட்டு "அக்ரிலிக்கே சுருக்குது" என்று புலம்புபவர்கள் இதைத்தான் மறந்திருப்பார்கள்.

கண்டம் (Gundam) ரோபோ மாடல் கிட்ல, பள்ளக் கோடுகளை எடுத்துக்காட்டும் பேனல் லைன் ஆக்சென்ட் விட்டேன். மறுநாள் முழங்கை ஜாயின்ட் தானா விரிசல் விட்டுது அக்கா. பெயிண்ட் எதுவும் அடிக்கல.

பெயிண்ட் அடிக்காததுதான் காரணம். அது எனாமல் திரவம். இறுக்கமாகப் பொருத்திய ஏபிஎஸ் ப்ளாஸ்டிக் பாகத்தில் ஏற்கெனவே இழுவிசை இருக்கும். தின்னர் அந்த இடத்தில் ஊறி இறங்கினால் பிளந்துவிடும். அடுத்த முறை ஜாயின்ட்டைக் கழற்றி வைத்து, லாக்கர் க்ளாஸ் (பளபளப்பு) க்ளியர் ஒரு கோட் கொடுத்து, அது காய்ந்தபின் பள்ளக் கோடுகளில் மட்டும் ஆக்சென்ட்டைத் தொட்டு வையுங்கள். மொத்தமாக வழியவிடாதீர்கள். க்ளாஸ் மேல் என்றால் அதிகப்படியைத் துடைக்கவும் சுலபம், மேட் மேல் என்றால் கறை ஊறிவிடும்.

ஈவிஏ ஃபோம்ல (வளையும் ஸ்பாஞ்ச் ஷீட்) வேஷத்துக்குக் கவசம் செய்றேன். வெள்ளைப் பசை 5 கோட், கார் ஸ்ப்ரே பெயிண்ட், க்ளியர். போட்டுக் குனிஞ்சா இடுப்புல சில்லு சில்லா உதிருது.

மெத்தை மேல் அப்பளம் அடுக்கின மாதிரி. வளையும் பொருளுக்கு மேல் வளையாத படலம் போட்டால் வளைவில் உடையத்தான் செய்யும். ஃபோமில் தின்னர் எதைக் கரைக்கும் என்பதோடு எந்தப் படலம் எவ்வளவு வளையும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேலே இருப்பது கீழே இருப்பதை விட விறைப்பாக இருக்கக் கூடாது.

முதலில் ஹீட் கன் (சூடான காற்று ஊதும் கருவி) கொண்டு பரப்பை ஓட்டி ஓட்டிச் சூடேற்றுங்கள். மங்கலான ஃபோம் லேசாக மினுமினுக்கும். நுண்துளைகள் மூடியதற்கு அதுதான் அடையாளம். ஒரே இடத்தில் நிறுத்தினால் சுருண்டுவிடும். பிறகு ப்ளாஸ்டி டிப் மாதிரி ரப்பர் பூச்சு 3 அல்லது 4 கோட். அதற்கு மேல் அக்ரிலிக், மெல்லியதாக. வெள்ளைப் பசை மலிவு, தப்பில்லை. ஆனால் தண்ணீர் பட்டால் மறுபடி இளகும், அதன் மேல் நீர்த்த அக்ரிலிக்கை வழிய வழியப் பூசாதீர்கள். எனாமல் இந்த வேலைக்கே ஆகாது, நாளாக ஆக இன்னும் விறைக்கும். அசையாத மார்புத் தகட்டுக்குக் கார் பெயிண்ட் தாங்கும், இடுப்புக்குத் தாங்காது.

தெர்மாகோல் பாறை. ஸ்ப்ரே பிரைமர் (அடிப்பூச்சு) அடிச்சதும் குழி குழியா ஆயிடுச்சு.

கேனில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலின் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிட்டது. தண்ணீர் வகைச் சுவர்ப் பெயிண்ட்டோ வெள்ளைப் பசையோ 2, 3 கோட் பிரஷ்ஷில் பூசிவிட்டு அடியுங்கள். ஊசிமுனைத் துளை ஒன்று விட்டாலும் அதன் வழியே உள்ளே புகுந்து குடைந்துவிடும். நானாக இருந்தால் ஸ்ப்ரேயை விட்டுவிட்டு மேலேயும் அக்ரிலிக்கே பூசுவேன்.

பிவிசி பொம்மைக்கு எனாமல் அடிச்சு 6 மாசம் ஆச்சு, இன்னும் பிசுபிசுப்பு.

இனியும் காயாது. பிவிசியை மென்மையாக்கச் சேர்த்த ப்ளாஸ்டிசைசர் மேலேறிப் பெயிண்ட்டை இளக்கிக்கொண்டே இருக்கும். மேலே க்ளியர் அடித்து மூடினால் கொஞ்ச நாளில் அதுவும் பிசுபிசுக்கும். எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவி, தண்ணீர் வகை அக்ரிலிக் போடுங்கள்.

ஹேர்ஸ்ப்ரே போட்டுப் பெயிண்ட் உதிர்ந்த மாதிரி செய்ய, எந்த அடுக்கில் எது?

அடியில் துரு நிறம், லாக்கரில். அது நன்றாகக் காய்ந்தபின் ஹேர்ஸ்ப்ரே இரண்டு மெல்லிய கோட். மேல் நிறம் டாமியா அக்ரிலிக். அரை மணி, ஒரு மணி நேரத்தில் தண்ணீரைத் தொட்டு, வெட்டிக் குட்டையாக்கிய பிரஷ்ஷால் தட்டுங்கள். தண்ணீர் மேல் நிறத்தின் வழியே இறங்கி ஹேர்ஸ்ப்ரேயைக் கரைக்கும். அடியில் இருக்கும் லாக்கர் அசையாது. வலேஜோ போட்டால் சில்லாக உதிராமல் தோலாக உரியும். மேல் நிறமும் லாக்கர் என்றால் தண்ணீர் உள்ளேயே இறங்காது.

லாக்கருக்கு என்-95 மாஸ்க் போதுமா?

போதாது. அது துகளைத்தான் தடுக்கும், ஆவியை அல்ல. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க், கூடவே வெளியே இழுக்கும் விசிறி.

புதுசா ஒரு பெயிண்ட் வாங்கினேன், லேபிள் புரியாத மொழியில. என்ன வகைன்னு எப்படிக் கண்டுபிடிக்க?

வகை தெரிந்தே ஆக வேண்டும் என்றில்லை. உங்கள் அடிப் பெயிண்ட்டை ஒரு ப்ளாஸ்டிக் ஸ்பூனில் அடித்து, மாடலுக்குக் கொடுக்கும் அதே நேரம் காயவிடுங்கள். புதுப் பெயிண்ட்டை எந்தத் தின்னரில் கலக்கப்போகிறீர்களோ, அதில் ஒரு பஞ்சுக் குச்சியை நனைத்து, ஸ்பூனில் பத்து முறை தேயுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் இடையில் தண்ணீர் வகை க்ளியர் ஒன்று கொடுத்து, அந்த ஸ்பூனிலேயே மறுபடி தேயுங்கள்.