கபடியா, வாலிபாலா? புதிதாக ஆட வருகிறவர்களுக்குப் பதில்கள்

ரெண்டும் ஆடியவன், இப்போது தர்மபுரி பக்கம் சாயங்காலத்தில் பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

பென்னாகரத்திலிருந்து: அண்ணா, ப்ளஸ் ஒன் படிக்கிறேன். அஞ்சே கால் அடி, 48 கிலோ. கபடிக்கு எடை பத்தாது, வாலிபாலுக்கு உயரம் பத்தாதுங்கிறாங்க. எதில் சேரட்டும்?

சொல்கிறவர்களை விடு தம்பி. ஊர்ப் பக்கம் எடைப் பிரிவு வைத்து நடத்தும் கபடிப் போட்டிகள் இருக்கின்றன, அதில் உன் எடைக்காரனோடுதான் மோதப் போகிறாய். வாலிபாலில் ஆண்களுக்கு வலை 2.43 மீட்டர், அது அடிக்கிறவனுக்குத்தான் கவலை. பின்வரிசையில் மட்டும் நின்று பந்து எடுக்க லிபரோ என்று ஒருத்தன் வேறு நிற ஜெர்சியில் இருப்பான் பார், அந்த இடத்தில் குள்ளமாக இருந்தால் ஒன்றும் குறைச்சல் இல்லை.

நான் கேட்பது வேறு: மேலே ஆள் விழுந்தால் உனக்குக் கோபம் வருமா, இல்லை உற்சாகம் வருமா? உற்சாகம் வருகிறவன் கபடிக்குப் போகலாம்.

பாலக்கோட்டிலிருந்து: ரெண்டு மாசமா வாலிபால் போறேன், என்கிட்ட பந்து வந்தாலே திட்டு விழுது. கபடிக்கு மாறிடலாமா?

அவசரப்படாதே. வாலிபாலில் பந்தைப் பிடித்து நிறுத்தி யோசிக்க முடியாது, மூணு தொடுதலுக்குள் அந்தப் பக்கம் போயாகணும், அதில் முதல் தொடுதல் கோணினால் மற்ற ரெண்டும் வீண், அதனால்தான் புதிய ஆள் மேல் எல்லாருக்கும் எரிச்சல். கபடியில் அப்படியில்லை. கையைக் கோத்துக்கொண்டு கவரில், அதாவது நடு ஆளுக்குப் பக்கத்தில் நின்று, ஓரத்தில் நிற்கிற கார்னர்காரன் பாடி வருகிறவனின் கணுக்காலைப் பிடித்த நொடியில் மேலே போய் விழத் தெரிந்தாலே முதல் வாரத்தில் நீ உபயோகமான ஆள்.

ஆனால் உன் தப்பு என்னவென்று முதலில் பார். பெரும்பாலும் முழங்கை மடங்கும், பந்து முகத்துக்கு நேரே எகிறும். ரெண்டு கட்டைவிரலும் சமமாக ஒட்டி, முழங்கையைப் பூட்டி, மணிக்கட்டுக்குச் சற்று மேலே பந்தை வாங்கு. கையை வீசாதே, முழங்காலை மடக்கி எழும்பு. வீட்டுச் சுவரில் தினமும் இதைச் செய். கபடியில் இப்படித் தனியாகப் பழகவே முடியாது, எதிரே ஆள் வேணும்.

ஓசூரிலிருந்து: கம்பெனியில் ஷிப்ட் வேலை, வயசு 31, முழங்கால் கொஞ்சம் வலிக்குது.

வாலிபால்தாங்க. ஆனால் எகிறி அடிக்கிற ஆசையைக் கொஞ்ச நாளைக்கு ஒத்திப் போடுங்க, இறங்கும்போதுதான் முழங்கால் வாங்கும். வலி தொடர்ந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டு வாங்க. நாலு பேர் வந்தாலும் ரெண்டுக்கு ரெண்டு ஆடிவிடலாம் என்பது ஷிப்ட்காரர்களுக்குப் பெரிய வசதி.

காவேரிப்பட்டணத்திலிருந்து: பொண்ணு ஏழாவது படிக்கிறாள். கபடின்னா சொந்தக்காரங்க முகம் சுளிக்கிறாங்க.

அக்கா, சுளிக்கட்டும். பெண்கள் கபடிக்குக் களமே சின்னது, 12க்கு 8 மீட்டர், பாதிக்கு 15 நிமிஷம்தான். முதலமைச்சர் கோப்பையில் ரெண்டு ஆட்டமும் இருக்கு. அவளுக்கு எது பிடிக்குதோ அது. நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: சொல்லிக் கொடுக்கிறவர் முதலில் விழச் சொல்லித் தருகிறாரா? மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்துவிட்டு ஆட விடுகிறாரா? கட்டாந்தரையில் இறக்கிவிடுகிற ஆளிடம் எவ்வளவு பெரிய பேர் இருந்தாலும் அனுப்பாதீங்க.

அரூரிலிருந்து: செலவு?

மண் களத்தில் கபடிக்கு ஒரு டவுசர், பனியன். மேட் விரித்த களத்தில் ஆடினால் ஷூ வேணும். வாலிபாலுக்குப் பந்து, வலை, ரெண்டு கம்பம், அதைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

ஊத்தங்கரையிலிருந்து: ரெண்டையும் ஆடக் கூடாதா?

தாராளமாக. ஆனால் வாலிபாலில் லிப்ட் போடுகிற ஆளாக, அதாவது அடிக்கிறவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவனாக இருந்தால் விரல்தான் முதல், போட்டி இருக்கிற வாரத்தில் கபடிக் களத்துப் பக்கம் போகாதே.