சீனியை மாற்றினால் சர்க்கரை இறங்குமா? – உப்பு, இனிப்பு: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உப்பும் சீனியும்தான். சேர்த்தே பதில் எழுதிவிடுகிறேன். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். எழுதும்போது வயது, பிபி அல்லது சர்க்கரை அளவு, இப்போது சாப்பிடும் மாத்திரையின் பெயர் மூன்றையும் போடுங்கள். "எனக்கு பிபி உண்டு, உப்பு சேர்க்கலாமா?" என்று ஒரே வரியில் கேட்டால் நான் ஜோசியம்தான் சொல்ல வேண்டும்.

வீட்டில் நான்கு பேர். நாங்கள் சாப்பிடும் உப்பு அதிகமா, சரியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – வாசகி, திண்டுக்கல்

நல்ல கேள்வி. யாரும் கேட்பதில்லை. மளிகைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம்தான் உச்சவரம்பு, அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன். உலக சுகாதார நிறுவனமும் சொல்வது அதுதான், நம் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் சொல்வது அதுதான். நான்கு பேருக்கு மாதம் 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் மாதம் முடிவதற்குள் காலியானால் தலைக்கு 8 கிராம் தாண்டிவிட்டது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர், வெளியில் சாப்பிடும் பரோட்டா சால்னா எல்லாம் இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

மேலைநாடுகளில் உப்பின் பெரும்பகுதி பாக்கெட் உணவிலும் ரொட்டியிலும் வருகிறது. அங்கே கம்பெனிக்காரன் குறைத்தால்தான் குறையும். நமக்கு இன்னும் பெரும்பகுதி அடுப்படியிலிருந்துதான் வருகிறது. ஆகவே குறைப்பதும் நம் கையில்தான் இருக்கிறது. கையால் அள்ளிப் போடுவதை நிறுத்தி, உப்பு டப்பாவுக்குள் ஒரு டீஸ்பூனைப் போட்டு வையுங்கள். தலை தட்டி அளந்து போடுங்கள். முதல் வாரமே வித்தியாசம் தெரியும்.

நாங்கள் உப்பளத்து ஊர்க்காரர்கள். கல் உப்பு இருக்கும்போது பாக்கெட் தூள் உப்பு எதற்கு? – வாசகர், தூத்துக்குடி

அயோடினுக்காக. வேறு காரணம் எதுவும் இல்லை. கடலில் விளைந்தாலும் உப்பில் அயோடின் தானாக நிற்பதில்லை, சேர்க்கத்தான் வேண்டும். உங்கள் கைக்கு வரும்போது ஒரு கிலோவில் குறைந்தது 15 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது விதி. அயோடின் சேர்க்காத உப்பை நேரடியாகச் சாப்பிட விற்கக்கூடாது என்ற தடை இடையில் சில ஆண்டுகள் விலக்கப்பட்டு, 2006-ல் மறுபடி வந்தது. அயோடின் கலந்த கல் உப்பும் கடையில் கிடைக்கிறது. மூட்டையில் அள்ளித் தரும் உப்பில் அது இருக்கும் என்று நம்பாதீர்கள். வீட்டில் கர்ப்பிணியோ சின்னக் குழந்தையோ இருந்தால் இது விளையாட்டு இல்லை.

"கல் உப்பு போட்டால் கரிக்கவில்லை, அதனால் அது மென்மையானது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி இருப்பதால் ஒரு ஸ்பூனில் குறைவாகப் பிடிக்கிறது. அவ்வளவுதான். எடை போட்டால் இரண்டும் ஒன்றே.

பிபி உள்ளவர்கள் இந்துப்பு சாப்பிடலாம் என்கிறார்களே? – பெயரும் ஊரும் எழுதாதவர்

அதில் நூற்றுக்கு 97 பங்குக்கு மேல் சாதாரண உப்புதான். மீதியில் கொஞ்சம் இரும்பு இருப்பதால் ரோஸ் நிறம். பெரும்பாலானவற்றில் அயோடின் கிடையாது. பல மடங்கு விலை. பிபிக்கு வேண்டியது குறைந்த உப்பு, நிறம் மாறிய உப்பு அல்ல. உங்கள் பிபி எவ்வளவு என்றும் எழுதவில்லை.

என் கணவருக்கு வயது 52. சாப்பிட்ட பின் சர்க்கரை 240. ஆறு மாதமாக வெள்ளைச் சீனியை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. காபிக்குக் கருப்பட்டி, பாயசத்துக்கு நாட்டுச்சர்க்கரை, காலையில் வெந்நீரில் தேன். ஆனாலும் அளவு குறையவில்லை, ஏன்? – வாசகி, கோவை

அம்மா, ஏன் குறையும்?

இந்தக் கேள்வியை மாதம் பத்துப் பேராவது கேட்கிறார்கள். கிளினிக்கில் எதிரே உட்கார்ந்து, "டாக்டர், நான் சர்க்கரையைத் தொட்டே வருஷமாச்சு" என்று பெருமையாகச் சொல்வார்கள். அப்புறம் என்ன சேர்க்கிறீர்கள் என்று கேட்டால் பட்டியல் வரும்: கருப்பட்டி, பனங்கற்கண்டு, நாட்டுச்சர்க்கரை, மலைத்தேன். உப்பிலும் இதே கதைதான். தூள் போய்க் கல், கல் போய் இந்துப்பு. நம் ஜனங்கள் எதை வேண்டுமானாலும் மாற்றுவார்கள், அளவை மட்டும் மாற்ற மாட்டார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். கரும்புச் சாற்றில் இருப்பது சுக்ரோஸ். பதநீரில் இருப்பதும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான். ஆலையில் வெளுத்தால் சீனி, கொப்பரையில் காய்ச்சினால் வெல்லம், கருப்பட்டி. 100 கிராம் வெல்லத்தில் ஏறக்குறைய 85 முதல் 90 கிராம் இனிப்புச் சத்துதான். மீதி ஈரம், கொஞ்சம் தாது உப்பு. தேனில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர், மீதி கிட்டத்தட்ட முழுக்க குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும். உங்கள் கணவரின் குடலுக்குப் பனை எது, கரும்பு எது என்று தெரியாது. எல்லாவற்றையும் உடைத்து ரத்தத்தில் கொண்டு விட்டுவிடும்.

இன்னொன்று. சீனி போடும்போது கைக்கு ஒரு பயம் இருந்தது. ஒரு ஸ்பூனோடு நின்றது. "இது நல்லது" என்று ஆனபிறகு பயம் போய்விடுகிறது. ஒரு டம்ளர் கருப்பட்டிக் காபியில் சர்வசாதாரணமாக 20 கிராம் இருக்கும். நாளைக்கு மூன்று டம்ளர் என்றால் 60. நோய் இல்லாதவருக்கே சேர்க்கும் இனிப்பு எல்லாமாக ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். அதாவது உங்கள் கணவர் சீனியை விட்ட பிறகு முன்னைவிட அதிக இனிப்பு சாப்பிடுகிறார் என்றுதான் சந்தேகப்படுகிறேன்.

"இரும்புச் சத்து இருக்கிறதே" என்பீர்கள். 20 கிராம் வெல்லத்தில் மிஞ்சினால் ஒரு மில்லிகிராம் வரும். ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 29 மில்லிகிராம். வெல்லத்திலேயே அதை எட்ட வேண்டுமானால் அரைக்கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். கம்பு, கீரை, ஈரல், பருப்பு எல்லாம் எதற்கு இருக்கின்றன?

கருப்பட்டி மேல் எனக்குக் கோபமில்லை. உடன்குடிக் கருப்பட்டியின் மணத்துக்கு ஈடு எதுவும் இல்லை, பனை ஏறுகிறவருக்கு நாலு காசு சேர்ந்தால் எனக்கும் சந்தோஷம்தான். சர்க்கரை நோய் இல்லாதவர் ருசிக்காக, அளவோடு, கருப்பட்டி என்று தெரிந்தே சாப்பிடட்டும். கடையில் கிடைப்பதில் சீனிப் பாகு கலந்து காய்ச்சியதும் நிறைய உண்டு என்பதையும் தெரிந்துகொண்டு வாங்கட்டும். என் கோபமெல்லாம் அதை மருந்து மாதிரி விற்பவர்கள் மேல்தான். "சர்க்கரை நோயாளிகளும் பயமின்றிச் சாப்பிடலாம்" என்று நெடுஞ்சாலையோரக் காபிக்கடை பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு 2023-ல் சொன்னது. அதில் எத்தனை பேர் இந்தப் பலகையை நம்பி வண்டியை நிறுத்துகிறார்களோ!

செய்ய வேண்டியது: மூன்று டம்ளரும் இனிப்பில்லாமல். முடியவில்லை என்றால் வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். காலைத் தேன்தண்ணீர் நாளையே நிற்கட்டும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். 240 என்பது மாத்திரையைத் திருத்த வேண்டிய அளவு, ஆறு மாதம் கருப்பட்டியோடு காத்திருக்கும் அளவு அல்ல.

கல்யாண வீட்டுக்குப் போகும்போது சுகர் மாத்திரை ஒன்று கூடுதலாகப் போட்டுக்கொண்டு ஸ்வீட் சாப்பிட்டால் சரியாகிவிடும்தானே? – வாசகர், மதுரை

ஆகாது. சில வகை மாத்திரையில் இரட்டிப்பு போட்டால் ராத்திரி சர்க்கரை தடாலென்று இறங்கி மயக்கமே வரும். எந்த மாத்திரை என்று நீங்களும் எழுதவில்லை. ஒரு வாய் மைசூர்பாகு சாப்பிட்டுவிட்டு, சோற்றில் ஒரு கரண்டி குறையுங்கள். மாத்திரையோடு விளையாடாதீர்கள்.

அம்மாவுக்கு 74 வயது. பிபி மாத்திரையோடு நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறார். இரண்டு வாரமாக உப்பை அடியோடு நிறுத்திவிட்டோம். இப்போது சோர்வு, தலைசுற்றல், பேச்சில் குழப்பம். – வாசகர், கரூர்

இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், இப்போதே மருத்துவமனைக்கு அழைத்துப் போய் ரத்தத்தில் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். நீர் மாத்திரை சாப்பிடும் வயதானவர்களுக்குச் சோடியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். குறைக்கச் சொன்னால் குறையுங்கள். அடியோடு நிறுத்த யார் சொன்னது?

சோடியம் குறைந்த உப்பு என்று விற்கிறார்கள். நம்பலாமா? அப்பாவுக்கு பிபி, கிரியாட்டினின் 2.1. – வாசகி, தஞ்சாவூர்

அளவை எழுதியதற்கு நன்றி, அதனால்தான் உறுதியாகச் சொல்ல முடிகிறது: அப்பாவுக்கு வேண்டாம். கிரியாட்டினின் 2.1 என்றால் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். இந்த உப்பில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் தேங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். பிபி மாத்திரைகளிலும் சில பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை.

மற்றபடி பொருள் மோசமில்லை. சீனக் கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் ஐந்து ஆண்டு சோதித்து 2021-ல் முடிவு வெளியிட்டார்கள். கால் பங்கு பொட்டாசியம் கலந்த உப்பைச் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் ஏழில் ஒரு பங்கு குறைந்தது. 2025-ல் உலக சுகாதார நிறுவனமும் இதற்குப் பச்சைக்கொடி காட்டியது, சிறுநீரக நோயாளிகள், கர்ப்பிணிகள், குழந்தைகள் தவிர்த்து. மறுபடி சொல்கிறேன், கிரியாட்டினின் பார்க்காமல் யாரும் இந்தப் பாக்கெட்டை வாங்க வேண்டாம். இளநீரிலும் பொட்டாசியம் அதிகம், அதனால் அதற்கும் இதே எச்சரிக்கைதான்.

குழந்தைக்கு ஒன்பது மாதம். உப்பில்லாமல் கொடுத்தால் எப்படி இறங்கும் என்று மாமியார் கோபிக்கிறார். – வாசகி, நாமக்கல்

உப்பு மாமியாரின் நாக்குக்குத் தெரியும், குழந்தையின் நாக்குக்கு இன்னும் தெரியாது. ஒரு வயது வரை உப்பு சேர்க்க வேண்டாம். சீனி, வெல்லம், கற்கண்டு இரண்டு வயது வரை வேண்டாம். தேன் ஒரு வயதுக்குள் நாக்கில் தடவுவதுகூடக் கூடாது. அரிதாக வந்தாலும் அதில் வரும் கிருமி உயிருக்கு ஆபத்தானது. மாமியாரிடம் டாக்டர் திட்டினார் என்று சொல்லிவிடுங்கள்.

பேத்திக்கு வயிற்றுப்போக்கு. மருந்துக்கடையில் ஓஆர்எஸ் கேட்டதற்கு ஆப்பிள் சுவையில் டப்பா பானம் கொடுத்தார்கள். கொடுக்கலாமா? – வாசகர், வேலூர்

கூடாது. ஓஆர்எஸ் என்பது வயிற்றுப்போக்கில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் கரைசல். சரியான ஓஆர்எஸ்ஸில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, கூடவே பொட்டாசியமும் சிட்ரேட்டும். இந்த டப்பா பானங்கள் பலவற்றில் சர்க்கரை அதைப்போல் பல மடங்கு. போக்கு நிற்பதற்குப் பதில் கூடும். ஐதராபாத்தில் ஒரு குழந்தை மருத்துவர் வருடக்கணக்கில் போராடிய பிறகு, 2025 அக்டோபரில்தான் இத்தகைய பானங்களின் பெயரில் 'ஓஆர்எஸ்' என்று போடக்கூடாது என உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சரியான பொட்டலம் இலவசமாகவே கிடைக்கும். அவசரத்துக்கு வீட்டில்: ஒரு லிட்டர் ஆறவைத்த நீர், தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சீனி, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. தலை தட்டிய என்றால் தலை தட்டிய. குவியலாகப் போட்டால் நல்லது செய்யப்போய்க் கெடுதல் ஆகிவிடும்.

நூடுல்ஸ் பாக்கெட்டில் உப்பு எவ்வளவு என்றே போடவில்லையே? – கல்லூரி மாணவி, சென்னை

சோடியம் என்று போட்டிருக்கும், பின்பக்கம், எறும்பு எழுத்தில். அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. 800 மில்லிகிராம் என்று இருந்தால் 2 கிராம், அதாவது ஒரு நாள் கணக்கில் கிட்டத்தட்ட பாதி. சில கம்பெனிகள் 100 கிராமுக்கான அளவைப் போடுவார்கள், பாக்கெட் எத்தனை கிராம் என்றும் பாருங்கள். மசாலாப் பொட்டலத்தில் பாதியைப் போட்டு மீதியைத் தூக்கி எறியுங்கள். நாளைக்கு வைக்க வேண்டாம், வைத்தால் நாளைக்குப் போடுவீர்கள்.

கட்டட வேலை. வெயிலில் உப்பெல்லாம் வியர்வையாகப் போய்விடுகிறது, அதனால் கூடுதலாகச் சாப்பிடச் சொல்கிறார் மேஸ்திரி. – வாசகர், அரியலூர்

எட்டு மணி நேரம் உச்சிவெயிலில் நிற்பவருக்கு மேஸ்திரி சொல்வதில் நியாயம் உண்டு. அளவாக உப்புப் போட்ட நீர்மோரும் கஞ்சித்தண்ணியும் போதும், உப்பு மாத்திரை தேவையில்லை. பிபி இருந்தால் மருத்துவரிடம் வேலையின் தன்மையைச் சொல்லிக் கேளுங்கள். இதே சாக்கைச் சொல்லி ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவர்களும் எனக்கு எழுதுகிறார்கள். அவர்களுக்கு நியாயம் கிடையாது.

உப்பைக் குறைத்தால் சாம்பார் சப்பென்று இருக்கிறது. எத்தனை நாள் இந்தக் கஷ்டம்? – வாசகர், புதுச்சேரி

நாக்கு பழக ஒரு மாதம், இரண்டு மாதம் ஆகும். ஒரே நாளில் பாதியாக்காதீர்கள், வீட்டில் கலகம் வரும். வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறையுங்கள். சோறு வடிக்கும்போதும் சப்பாத்தி மாவிலும் உப்பு எதற்கு? குழம்பில்தான் இருக்கிறதே. எலுமிச்சை, புளி, மிளகு, வறுத்த சீரகம் கைகொடுக்கும். மேசையிலிருந்து உப்புக் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். தயிர்சாதத்துக்கு மோர்மிளகாயும் ஊறுகாயும் சேர்த்துத் தொட்டுக்கொள்வது என்ன வழக்கம்? ஏதாவது ஒன்று.

அப்பளத்தைப் பொரிக்காமல் சுட்டுச் சாப்பிட்டால் உப்பு குறையுமா? – வாசகி, கும்பகோணம்

எண்ணெய் குறையும். உப்பு அப்படியே இருக்கும்.